லாரிக்குப் பிறந்த டவுன் பஸ்

கன்னிவாடி பஸ் நிறுத்தத்தில் திண்டுக்கல் வண்டி வந்து நின்றதும் முதலில் ஏறுவது கூடைதான். கூடையை யாராவது வாங்கி உள்ளே வைத்த பிறகு, அதன் சொந்தக்காரப் பாட்டி ஒரு கையால் கம்பியைப் பிடிப்பார், மறு கையால் சேலைக் கொசுவத்தை அள்ளிக்கொள்வார், காலை மடக்கி முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் படியில் வைப்பார். பின்னால் நிற்பவர் முதுகில் ஒரு கை கொடுத்தால்தான் மீதி உடம்பு மேலே போகும்.

"ஆத்தா, வெரசா ஏறு. நேரமாச்சு."

"ஏறாம என்னடா பண்றேன்? நீ படியை மச்சுல கொண்டுபோய் வச்சிருக்க."

அந்தப் பாட்டியின் புகார் நியாயமானது. முதல் படியே முழங்காலை ஒட்டி நிற்கிறது. அதற்கு மேலும் படிகள் ஏறினால்தான் தளம், அது தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேலே. டிரைவரைக் கேட்டால் "வண்டியே அப்படித்தாங்க" என்பார். வண்டி ஏன் அப்படி என்று கேட்டுக்கொண்டே போனால், எண்ணூர் வழியாக இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு டாங்கித் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. நம் டவுன் பஸ் லாரிக்குப் பிறந்தது. பிறப்பின் அடையாளம் அந்தப் படியில் இன்னும் இருக்கிறது.

தொடக்கத்தில் எல்லா நாட்டிலும் பஸ் லாரியிலிருந்துதான் வந்தது. லாரியின் சேசிஸை வாங்கி, அதன்மேல் மரப்பெட்டி கட்டி, பெஞ்சு போட்டுவிட்டால் பஸ். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே விட்டதும் அந்தக் கால வழக்கப்படி கட்டியதே. பழனி மலையின் வடக்கு ஓரத்துக்கு அந்தப் புது வாகனத்தைப் பழக்கியவர் ஜி.டி. நாயுடு. 1920-இல் ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவரே ஓட்டினார். கடன் கொடுத்தவர் கோயம்புத்தூர் ஸ்டேன்ஸ் துரை. அந்த ஒற்றை வண்டிதான் பிறகு யூ.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. அதுவரை மாட்டு வண்டியில் பழனிக்குப் போன காவடிக் கூட்டத்துக்கு மோட்டாரில் ஏறுவதே அதிசயம். படி உயரம் என்று யார் புகார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? மாட்டு வண்டியிலும் எக்கித்தானே ஏறினார்கள்.

ஆனால் அதே 1920களில் மேல்நாட்டில் லாரியும் பஸ்ஸும் தனிக்குடித்தனம் போய்விட்டன. லாரியில் ஏறுவது மூட்டை. அதைத் தூக்க ஆள் இருக்கிறான், தளம் எவ்வளவு உயரமானாலும் மூட்டை கவலைப்படாது. பஸ்ஸில் ஏறுவது மனிதர். நகரத்தில் நூறு கஜத்துக்கு ஒரு தரம் ஏறுவார், இறங்குவார். ஏறுவதில் வீணாகும் ஒவ்வொரு விநாடியும் வண்டியைத் தாமதமாக்கும். 1923-இல் லண்டனில் ஓடத் தொடங்கிய என்.எஸ். ரக பஸ்ஸில் சேசிஸின் சட்டத்தைத் தாழ்த்தினார்கள். 1927-இல் லேலண்ட் கம்பெனியின் டைட்டன் வந்தது. அதை வடிவமைத்த ராக்கம், அமெரிக்காவில் பஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்துத் திரும்பியவர். சேசிஸில் முன்னிருந்து பின்வரை நேராக ஓடும் இரண்டு எஃகு உத்திரங்களை அவர் நேராக விடவில்லை. பின் அச்சு வரும் இடத்தில் மட்டும் மேலே வளைத்து, மற்ற இடத்தில் தாழ இறக்கினார். எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டையும் டிஃபரன்ஷியலையும் நடுவிலிருந்து ஒரு பக்கமாகத் தள்ளினார். நடைபாதை தாழ்ந்தது, படி குறைந்தது. தாழ்தளப் பஸ் கட்டும் வித்தை லேலண்டுக்கு 1927-லேயே கைவந்துவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இருபது வருஷம் கழித்து அதே கம்பெனி நமக்கு அனுப்பியது வேறொன்று.

இடையில் போர் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. சென்னை மாகாணத்துப் பஸ்களின் முதுகில் ஆள் உயர இரும்பு உருளை ஏறியது. அதில் அடுப்புக் கரியைப் போட்டு, காற்றை அளந்து விட்டு, முழுதாக எரியவிடாமல் புழுங்க வைத்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதைக் குளிரவைத்து, சாம்பல் வடிகட்டி, குழாய் வழியாக எஞ்சினுக்குக் கொடுத்தால் பெட்ரோல் இல்லாமலே வண்டி ஓடும். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் இந்தக் கேஸ் பிளாண்டைத் தானே வடிவமைத்துச் செய்தது. ஜனங்கள் வைத்த பெயர் கரி பஸ். காலையில் முதல் டிரிப்புக்கு முன்னால் கிளீனர் வந்து கரி தட்டி, தீ மூட்டி, ஊதுகாற்றுச் சக்கரத்தைக் கை ஓயச் சுற்ற வேண்டும். வாயு பதமாக வந்ததா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட்டிங் ஹேண்டில். எல்லாம் சரியாக இருந்தாலும் எஞ்சினின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும், காணாமல் போய்விடும். மேடு வந்தால் ஆண்கள் இறங்கி நடப்பார்கள், இன்னும் செங்குத்தானால் தள்ளுவார்கள். டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு தள்ளவும் விட்ட வாகனம் அதுபோல வேறு கிடையாது.

1945-இல் போர் முடிந்தபோது மிஞ்சியவை கரி தின்று தேய்ந்த பழைய செவர்லேக்களும் ஃபோர்டுகளும். பட்டாளம் விட்டுப்போன லாரிகள் டிஸ்போசலில் ஏலத்துக்கு வந்தன. அவற்றை எடுத்துக் கூடு கட்டி பஸ்ஸாக ஓட்டினார்கள். நம் ஊர் மறுபடி லாரியில்தான் ஏறிக்கொண்டிருந்தது.

போரில் வென்ற பிரிட்டனோ கடனில் மூழ்கியிருந்தது. செய்கிற பொருளை வெளிநாட்டுக்கு விற்று டாலர் கொண்டுவா, இல்லாவிட்டால் உனக்கு எஃகு கிடையாது என்று அரசாங்கமே தொழிற்சாலைகளிடம் சொன்ன காலம். லேலண்ட் கம்பெனி போரின்போது டாங்கி செய்தது. 1944-இல் வெளிவந்த காமெட் டாங்கி அவர்களுடைய வடிவமைப்பு. போர் முடிந்ததும் டாங்கிக்காகக் கட்டிய ஃபாரிங்டன் கொட்டகைகள் சும்மா கிடந்தன. அவற்றில் லாரி செய்யத் தீர்மானித்து, 1947-இல் ஒரு புது வண்டியை வெளியே விட்டார்கள். டாங்கியின் பெயரையே அதற்கும் வைத்தார்கள், காமெட். ஏற்றுமதிப் பகுதிக்கு அப்போது தலைவராக இருந்த இளைஞர் டொனால்ட் ஸ்டோக்ஸ், பிற்காலத்தில் ஸ்டோக்ஸ் பிரபு.

காமெட்டைப் பார்த்தால் இங்கிலீஷ் லாரி மாதிரி இராது. மூக்கு நீண்டு, முகம் உருண்டு, அமெரிக்க லாரியின் ஜாடை. அது வேண்டுமென்றே செய்தது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வாங்குகிறவர்கள் ஃபோர்டும் செவர்லேயும் பார்த்துப் பழகியவர்கள். அவர்களுக்குப் பழகிய முகத்தைக் கொடுத்து, உள்ளே டீசல் எஞ்சினை வைத்தார்கள். கொள்ளளவு 300 கன அங்குலம், அதனால் எஞ்சினுக்கு ஓ.300 என்று பெயர். 75 குதிரைத்திறன், அதனால் வண்டிக்கு காமெட் 75 என்று பெயர். சில ஆண்டுகளில் எஞ்சின் 350 கன அங்குலமாக, ஏறத்தாழ 5.7 லிட்டராக, வளர்ந்தது. சக்தி 90 ஆனது, பெயரும் காமெட் 90 ஆனது. பெயர் வைப்பதில் இவ்வளவு சோம்பேறித்தனம் பொறியாளர்களுக்கே வரும்.

அதே லாரியின் சேசிஸைச் சற்று நீட்டினால் பஸ் சேசிஸ். டைட்டனுக்காக வளைத்த உத்திரம் இதில் இல்லை. முன்னிருந்து பின்வரை நேர் உத்திரம், அச்சுகளுக்கு மேலே. அதன்மேல் தளம். படி உயர்ந்தது இப்படித்தான்.

காமெட் வந்த அதே 1947-இல் லண்டன் தனக்காக என்ன செய்துகொண்டது என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். போருக்கு முன்பே 1939-இல் மாதிரி ஓட்டிப் பார்த்திருந்த ஆர்.டி. ரக இரட்டை மாடிப் பஸ்ஸை 1947 முதல் 1954 வரை ஆயிரக்கணக்கில் இறக்கியது லண்டன் டிரான்ஸ்போர்ட். ஏ.இ.சி. கம்பெனி மட்டும் செய்தவை 4,825. 9.6 லிட்டர் எஞ்சின், 115 குதிரைத்திறன். பாரம் காமெட்டைவிட அதிகம் என்றாலும் எஞ்சின் பெரிதாக இருந்ததால் அது திணறவே இல்லை. கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் நிரப்பிய ஃப்ளைவீல். அடுத்த கியரை முன்கூட்டியே தேர்ந்து வைத்துவிட்டு, வேண்டும்போது பெடலை மிதித்தால் விழுகிற கியர்பாக்ஸ். காற்று பிரேக். ஒரு நாளைக்கு ஆயிரம் தரம் நின்று கிளம்பும் டிரைவரின் இடது காலையும் தோளையும் நினைத்துச் செய்த வண்டி அது. எந்த பாடியை எந்த சேசிஸில் வைத்தாலும் பொருந்தும். ஆல்டன்ஹாம் பணிமனையில் பாடியைத் தனியே தூக்கி, சேசிஸைத் தனியே பிரித்து, ஒரு வண்டியின் உடம்பை இன்னொன்றின் காலில் வைத்து அனுப்புவார்கள். 1979 ஏப்ரல் வரை அது லண்டன் தெருவில் ஓடியது. வயதான பிறகு கப்பலேறிய லண்டன் பஸ்களில் நிறைய இலங்கைக்கு வந்தன. 1958 ஜனவரி 1-இல் பிறந்த இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு இரட்டை மாடிகளில் ஏறி இறங்கிய யாழ்ப்பாணத்தவருக்கும் கொழும்புத் தமிழருக்கும் அந்தத் தாழ்ந்த பின்தளம் பழக்கமானது. பழைய பஸ்ஸை வாங்கியும் நல்ல படி கிடைத்தது அவர்களுக்கு.

லண்டனுக்கு முடிந்ததற்குக் காரணம் ஒரே முதலாளி. ஒரே நிறுவனம் ஆயிரக்கணக்கான பஸ் வைத்திருந்தது. தனக்கு என்ன வேண்டும் என்று தானே வரைந்து கொடுக்க முடிந்தது. இங்கே ஒரு முதலாளிக்கு ஒரு பஸ், மிஞ்சினால் நாலு. அவர் எதை வாங்குவார்? பஸ் தொழில் படுத்தால் லாரியாக மாற்றி விற்க முடிகிற வண்டியைத்தான் வாங்குவார்.

அப்படி வாங்கியதற்கு இன்னொரு பெரிய காரணம் டீசல். போருக்கு முன்னால் நம் ஊர்ப் பஸ்கள் பெரும்பாலும் பெட்ரோல். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே போகும், ஆறில் ஒரு பங்காக அமுங்கும், பிளக் பொறி வைக்கும். டீசல் எஞ்சினில் வெறும் காற்றுதான் உள்ளே போகிறது. அதைப் பதினாறில் ஒரு பங்காக நெருக்கினால் 500 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அந்தக் கொதிக்கிற காற்றில் டீசலை ஊசித்துளை வழியாகப் பீய்ச்சினால் பொறியே வேண்டாம், தானாகப் பற்றிக்கொள்ளும். இந்த அமுக்கத்தைத் தாங்க எஞ்சின் கனமாக இருக்க வேண்டும், விலையும் கூடும். ஆனால் ஒரே தூரத்துக்குக் குடிப்பது குறைவு, எண்ணெயின் விலையும் குறைவு. பிளக், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் என்று மழையில் நனைந்து மக்கர் பண்ணுகிற சாமான்களும் கிடையாது. பெட்ரோல் வண்டியை வைத்துக்கொண்டு அழுதவர்களுக்கு இது வரப்பிரசாதம். முழு வண்டி வாங்க முடியாதவர்கள் பழைய பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு பெர்கின்ஸ் பி6 டீசலை மாட்டிக்கொண்டார்கள். அதைச் சென்னை மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி 1950களின் தொடக்கத்திலேயே இங்கே செய்ய ஆரம்பித்துவிட்டது. குதிரை வண்டிக்குக் கூடு கட்டப் பிறந்த கம்பெனி டீசலுக்கு வந்து சேர்ந்ததும் ஒரு தனிக்கதை.

காமெட் எண்ணூருக்கு வந்த வழி நேராக இல்லை. ரகுநந்தன் சரண் என்ற பஞ்சாப் தொழிலதிபர், விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர், நேருவின் தூண்டுதலால் மோட்டார்த் தொழிலில் இறங்கினார். 1948 செப்டம்பரில் அசோக் மோட்டார்ஸ் பிறந்தது. மகனின் பெயர் அசோக், அதையே கம்பெனிக்கும் வைத்தார். முதலில் பூட்டியது பஸ்ஸும் அல்ல லாரியும் அல்ல, ஆஸ்டின் ஏ40 என்ற சின்னக் கார். காரில் பெரிய எதிர்காலம் இல்லை, நாட்டுக்கு வேண்டியது லாரி என்று தெரிந்ததும் 1950-இல் லேலண்டோடு ஒப்பந்தம் செய்தார். 1951-இல் காமெட் எண்ணூரில் பூட்டப்பட்டது. சரண் அதன் முழு வளர்ச்சியைப் பார்க்கவில்லை, விமான விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு சென்னை அரசும் மற்றப் பங்குதாரர்களும் சேர்ந்து லேலண்டைப் பங்காளியாகக் கொண்டுவந்து, 1955-இல் பெயரை அசோக் லேலண்ட் என்று மாற்றினார்கள்.

அந்த ஆண்டுகளில் மத்திய அரசு ஒரு கறாரான முடிவு எடுத்தது. பெட்டியில் வந்த உறுப்புகளைப் பூட்டி விற்பது போதாது, ஆண்டுக்கு ஆண்டு இங்கேயே செய்யும் உறுப்புகளைக் கூட்ட வேண்டும், முடியாதவர்கள் கடையைக் கட்டலாம். பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸும், ஃபோர்டும் 1954 வாக்கில் கட்டிவிட்டுப் போய்விட்டன. அதே 1954-இல் டாடா, ஜெர்மனியின் பென்ஸோடு சேர்ந்து ஜம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. ஆக, நாட்டின் பெரும்பாலான பஸ்களுக்கு அடுத்த பல பத்தாண்டுகளுக்கு இரண்டே தாய்வீடுகள், இரண்டும் லாரிக் குடும்பம். அந்நியச் செலாவணி இல்லாத காலத்தில் லாரிக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று என இரண்டு வகை உத்திரம், இரண்டு வகை அச்சு, இரண்டு வகை உதிரிப்பாகம் செய்ய யாருக்கும் தெம்பில்லை. அன்றைக்கு அது சரியான கணக்கு என்றுதான் நான் சொல்வேன். வத்தலக்குண்டில் நின்றுபோன பஸ்ஸுக்கு லாரிப் பட்டறையில் ஸ்பிரிங் பட்டை கிடைத்தது என்பது சின்ன விஷயமல்ல.

எண்ணூரில் பிறப்பது பாதி வண்டிதான். மீதி பாதி ஊரில் பிறக்கும். இதை நெடுஞ்சாலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு உத்திரம், நான்கு மூலையில் சக்கரம், முன்னால் எஞ்சின், ஒரு ஸ்டேரிங், அவ்வளவுதான் வண்டி. கண்ணாடி இல்லை, கூரை இல்லை, கதவு இல்லை. தற்காலிகமாக முடுக்கிய ஓர் இருக்கையில் டிரைவர் தலையில் துண்டைக் கட்டி, கண்ணாடி மாட்டி, வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாயைத் திறந்தால் பூச்சி. மழை வந்தால் மழை முழுதும் அவருக்கே. பாரமில்லாத ஸ்பிரிங் பட்டை ஒவ்வொரு குழிக்கும் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் போடும். அப்படியே திருச்சி தாண்டி, கரூரோ மதுரையோ, பாடி கட்டும் இடத்துக்கு வந்து சேர்ந்தால் அவர் வேலை முடிந்தது.

பாடி கட்டுகிறவர்கள் முதலில் தச்சர்கள். 1950களில் பஸ்ஸின் எலும்புக்கூடு மரம்தான், அதன்மேல் தகடு. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, சுருட்டிக் கட்டிய தார்ப்பாய்ப் படுதா. மழை வந்தால் அவிழ்த்துவிட வேண்டும், அப்புறம் உள்ளே இருட்டு. எஞ்சினின் மூக்கை வெளியே விட்டால் பயணிகளுக்கான நீளம் குறைகிறது என்று டிரைவரை எஞ்சினுக்குப் பக்கத்தில் நகர்த்தி, முகப்பைத் தட்டையாக்கினார்கள். எஞ்சின் வண்டிக்குள் வந்துவிட்டது. டிரைவரின் இடது பக்கத்தில் தகரக் கூடு போட்டு மூடிய அந்த பானெட்டுக்கு மேல் ஒரு மெத்தை. கூட்டமென்றால் அங்கேயும் நாலு பேர். மார்கழியில் சுகம், சித்திரையில் சூடு தாங்காது. டிரைவரின் தொடை மட்டும் பன்னிரண்டு மாதமும் வெந்தது. கியர் ராடு அந்தக் கூட்டின் ஓரமாக வளைந்து வரும், அதைப் போட உட்கார்ந்திருப்பவரின் முழங்காலைத் தட்டி நகர்த்த வேண்டும். மாடிமேல் கேரியர், அதற்கு ஏணி. பன்றிமலை, ஆடலூர்ப் பக்கத்திலிருந்து இறங்கும் மலைவாழையும் பலாவும் காப்பி மூட்டையும் மாடிக்குத்தான் போகும். மனிதர் ஏற உயரமாக இருக்கிறதே என்று கவலைப்படாத வண்டி, மூட்டையைச் சுமப்பதில் மட்டும் தன் குலத்தை மறக்கவே இல்லை.

மலை என்றதும் பிரேக்கைச் சொல்லாமல் விடக்கூடாது. கன்னிவாடிக்காரர்களுக்கு மேற்கே தலையை நிமிர்த்தினால் மலைதான். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது குழாயில் உண்டாகும் வெற்றிடத்தை பிரேக்குக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் உருவாகாது, உறிஞ்சும் வாயில் தடுப்பே கிடையாதே. அதனால் எஞ்சினால் சுற்றப்படும் ஒரு தனிப் பம்பு வைத்து, ஒரு தொட்டியில் வெற்றிடத்தைச் சேமித்தார்கள். டிரைவர் மிதிக்கும்போது அந்த வெற்றிடம் காலோடு சேர்ந்து இழுக்கும். எஞ்சின் ஓடும்வரை கவலையில்லை. இறக்கத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் தொட்டியில் இருப்பதை வைத்து இரண்டொரு மிதிதான், அதற்குப் பிறகு வெறும் கால் பலம். "ஏறின கியரிலேயே இறங்கு" என்று புது டிரைவருக்கு மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்தது இதற்காகத்தான். இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் டிரம் காய்ந்து மணம் வராது. கொண்டை ஊசி வளைவில் ஒரே திருப்பில் திரும்பாவிட்டால் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டும். அப்போது கிளீனர் முட்டுக்கட்டையோடு குதித்து, பின்சக்கரத்தோடு கூடவே ஓடி, வண்டி நின்றதும் அடியில் சொருகுவான். மலை ஏறும் வண்டிகளில் நல்ல டிரைவர் கிடைப்பதைவிட நல்ல கிளீனர் கிடைப்பது கஷ்டம் என்று முதலாளிகள் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. ரேடியேட்டர் கொதித்தால் தண்ணீர் ஊற்றுவதும் அவன்தான். மூடியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தெரியாதவன் அடுத்த நாள் வேலைக்கு வரமாட்டான்.

முதலாளியும் மாறினார். சென்னை மாநகரில் 1947-லேயே அரசாங்கம் முப்பது பஸ்ஸோடு இறங்கி, அடுத்த ஆண்டு தனியாரை நிறுத்திவிட்டது. தெற்கே அது வர இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. ஒழுங்குக்குப் பெயர் போன டி.வி.எஸ். பஸ்களைப் பார்த்து ஊரார் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்பது மதுரை வட்டாரத்தில் யாரும் சொல்லும் கதை. சாலையில் கிடக்கும் மாட்டு லாடத்து ஆணிகளைப் பொறுக்க அந்தக் கம்பெனி காந்தம் மாட்டிய வண்டி விட்டது. 1972-இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்து அந்தச் சாலைகளை எடுத்துக்கொண்டது. பிறகு திண்டுக்கல்லுக்கென்று ராணி மங்கம்மாள் கழகம் தனியே வந்தது. 1997-இல் கழகங்களின் பெயர்களை வைத்துக் கலவரம் வந்து, எல்லாப் பெயரையும் அழித்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் என்று ஆக்கினார்கள். வண்டியின் பக்கவாட்டில் எழுத்து மாறியது, நிறம் மாறியது, டிக்கெட் மாறியது. நகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு டவுன் பஸ் ஓடத் தொடங்கிய பிறகு வாசல் இரண்டானது, நின்றுபோக மேலே கம்பி வந்தது, கயிறு கட்டிய மணி போய் விசில் வந்தது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. கூடைக்காரப் பாட்டிகள் முன்பைவிட நிறையவே ஏறுகிறார்கள். மாறாமல் இருந்தது உத்திரம் ஒன்றுதான்.

இங்கேதான் எனக்கு வருத்தம். ஒரே முதலாளி, ஆயிரக்கணக்கான பஸ் என்ற லண்டனின் வசதி 1972-க்குப் பிறகு நமக்கும் வந்துவிட்டது. தனக்கு வேண்டியதைத் தானே வரைந்து கொடுக்கும் பலம் அரசுக் கழகங்களுக்கு இருந்தது. காமெட் போய் வைக்கிங் வந்தது, சீட்டா வந்தது, எஞ்சின் பெருத்தது, வெற்றிடம் போய்க் காற்று பிரேக் வந்தது. உத்திரத்தை மட்டும் யாரும் வளைக்கச் சொல்லவில்லை. சாலை மோசம், தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும், வேகத்தடை மலைபோல இருக்கும், தாழ்ந்த வண்டி அடிபடும் என்பது எப்போதும் சொன்ன பதில். 1955-இல் அது உண்மை. ரெட்டியார்சத்திரத்துக்கும் கன்னிவாடிக்கும் நடுவே இன்று தார்ச்சாலை போட்டிருக்கிற நிலையில் அது பாதி உண்மைகூட இல்லை. மீதி உண்மை பழக்கமும் விலையும். 2008-இல் மத்திய அரசு நகர்ப் பஸ்ஸுக்கு விதிமுறை எழுதியபோதுதான் தளம் 400 மில்லிமீட்டரா, 650 மில்லிமீட்டரா, 900 மில்லிமீட்டரா என்று கணக்காகப் பேச்சு எழுந்தது. அப்போதும் தாழ்ந்தது பெருநகரத்துக்கு, உயர்ந்தது மற்றவருக்கு என்று ஆனது.

மாற்றுத் திறனாளிகள் நீதிமன்றம்வரை போய் வாதாடிய பிறகே தமிழ்நாடு 552 தாழ்தளப் பஸ்களுக்கு ஆர்டர் கொடுத்தது. செய்வது அதே அசோக் லேலண்ட். எஞ்சின் பின்னால் போய்விட்டது, முன்வாசலில் படியே இல்லை, நிறுத்தத்தில் வண்டி ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்து கொடுக்கும், சக்கர நாற்காலிக்குச் சாய்பலகை உண்டு. 2024 ஆகஸ்டில் சென்னையில் ஓடத் தொடங்கின. ஒதுக்கியது சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும். திண்டுக்கல்லின் பெயர் பட்டியலில் இல்லை. மலைச்சாலைக்கு 400 மில்லிமீட்டர் ஆகாது என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கன்னிவாடிக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே மலை கிடையாது, சமவெளிதான். அந்தத் தடத்துக்கு 650 போதும். அந்த உயரத்தில் பஸ் செய்ய நாட்டில் இரண்டு கம்பெனிக்கும் தெரியும். கேட்க வேண்டியவர்கள் கழகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் இருக்கிறார்கள், கேட்கும் டெண்டர் ஒவ்வொரு வருஷமும் வந்துகொண்டுதான் இருக்கிறது.